செவ்வாப்பேட்டையில் இறங்காதவர்

புதிதாக வேலை கொடுக்க வருகிறவர்களிடம் நர்மதா முதலில் ஒரு கேள்வி கேட்பாள். எத்தனை பக்கம் வேண்டும், என்ன கலர் வேண்டும், எப்போது வேண்டும் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

"உங்க ஆப்ல இருக்கிற ஒரு ஆளு செத்துட்டா இன்னா பண்ணுவீங்க?"

நல்ல நாள் பார்த்து, நெற்றி நிறைய குங்குமத்தோடும் கையில் இனிப்புப் பெட்டியோடும் வந்த மனிதர் திருதிருவென்று விழிப்பார். ஜிம் நடத்துகிற ஒருவர் இனிப்புப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு எழுந்தே போய்விட்டார். முன்பக்கம் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருக்கும் நான் ஆரம்பத்தில் தலையில் அடித்துக்கொள்வேன். இப்போது அடித்துக்கொள்வதில்லை. அந்தக் கேள்வி அவள் வாயில் எப்படி வந்து உட்கார்ந்தது என்று எனக்குத் தெரியும். அந்தப் பஸ்ஸில் நானும் போயிருக்கிறேன்.

என் பெயர் வரதன். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் ரோட்டில் போட்டோ, ஜெராக்ஸ், பிளக்ஸ் எல்லாம் சேர்ந்த கடை ஒன்று வைத்திருக்கிறேன். கடையின் பின்பாதியை பிளைவுட் அடித்துத் தடுத்து நர்மதாவுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். அங்கே உட்கார்ந்துதான் அவள் வெப்சைட்டும் ஆப்பும் செய்கிறாள். அவள் ஊர் எளாவூர். அவளுடைய நைனா அங்கே செக்போஸ்ட் பக்கம் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர். கொல்கத்தா ரோட்டில் போகிற லாரி சத்தத்திலேயே வளர்ந்தவள் என்பதால் மெதுவாகப் பேச வராது. சென்னையில் ஒரு கம்பெனியில் கொஞ்ச காலம் இருந்தாள். அங்கே ஒரு மேனேஜரிடம் என்ன பேசினாளோ, திரும்பி வந்துவிட்டாள். பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடியும்.

அவளிடம் ஒரு பழக்கம். சாயங்காலம் ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு அந்தப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். பிறகு மறுபடியும் இழுப்பாள். ரோட்டைத் தாண்டிப் போனவள் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பாள். இழுத்து இழுத்தே கொண்டி தளர்ந்துபோய் நான் புதுசு போட வேண்டியதாயிற்று. கேட்டால், பூட்டினேன் என்று நினைப்பது வேறு, பூட்டியிருப்பது வேறு என்பாள்.

அந்தப் புத்திதான் அவள் தொழிலிலும். துளசிராமன் வந்தபோது அதை நேரிலேயே பார்த்தேன். அவருக்குப் பெரியபாளையம் பக்கம் நெல் வயல் இருக்கிறது. அதோடு சில பஸ்கள் வாங்கி, இங்கே இருக்கிற தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் வண்டியாக ஓட்டுகிறார். எந்த வண்டியில் யார் ஏறினார்கள், எந்த சீட்டு காலி என்பது தெரியாமல் தினமும் சண்டை. அதற்கு ஒரு ஆப் வேண்டும் என்று வந்தார்.

நர்மதா என் கடை காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் நடுவில் ஒரு கோடு போட்டாள். ஒரு பக்கம் வெளி, இன்னொரு பக்கம் உள். வண்டி எந்த வழியாகப் போகிறது, எத்தனை மணிக்கு வரும், இப்போது எங்கே ஓடிக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் வெளியே. அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வண்டிக்குள் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது உள்ளே. அதற்கு லாகின் வேண்டும்.

"பஸ்ஸு எங்க கீதுன்னு ஊரே பாக்கலாம். பஸ்ஸுக்குள்ள யாரு கீறாங்கன்னு ஊரு பாக்கக் கூடாது" என்றாள்.

துளசிராமனுக்கு இதில் இத்தனை வேலை எதற்கு என்று புரியவில்லை. அந்தப் பட்டனை மட்டும் மெனுவில் காட்டாமல் மறைத்துவிட்டால் போதாதா என்று கேட்டார். நர்மதா அவரைக் கையைப் பிடிக்காத குறையாக முன்பக்கம் அழைத்து வந்து, போட்டோ எடுக்க நான் கட்டியிருக்கும் நீலத் துணியைக் காட்டினாள். இதைத் தொங்கவிட்டால் பின்னால் இருப்பது தெரியாது, ஆனால் தெரிந்தவன் விலக்கிக்கொண்டு போய்விடுவான், மறைப்பது வேறு பூட்டுவது வேறு என்றாள். பக்கத்துக்குப் பக்கம் தனித்தனியாகப் பூட்டு போட்டால் ஒன்றை மறந்துவிடுவோம். அதனால் உள்ளே நுழைகிற இடத்தில் ஒரே வாசல், ஒரே காவல். எந்தப் பக்கத்துக்குப் போவதானாலும் அந்த வாசலில் நின்று, யார் என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அந்த வாசலுக்குப் பின்னால் தொழிலாளிகளுக்கு ஒரு அறை, முதலாளிக்கு ஒரு அறை. ஒரு அறையில் இருப்பவனுக்குப் பக்கத்து அறையில் என்ன நடக்கிறது என்பதே தெரியக் கூடாது. அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு கர்வம் இருந்தது.

மூன்றாவதாக ஒரு அறை வந்ததற்குக் காரணம் விக்டோரியா.

ஆப்புக்காக எல்லாத் தொழிலாளிகளின் போட்டோவையும் நான்தான் எடுத்தேன். செவ்வாப்பேட்டையில் இருந்து வருகிற பாக்கியராஜ் இங்கே ஒரு ஞானஸ்நான விசேஷத்துக்கு மனைவி விக்டோரியாவோடு வந்தவர், அப்படியே கடைக்கும் வந்தார். நீலத் துணிக்கு முன்னால் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். விக்டோரியா, நர்மதா ஆப்பைப் பற்றிச் சொன்னதையெல்லாம் நின்று கேட்டுவிட்டு, முதலாளிக்கு ஒன்று, வேலைக்காரருக்கு ஒன்று என்றால் வீட்டில் சோறு வைத்துக்கொண்டு காத்திருக்கிறவளுக்கு ஒன்றும் இல்லையா என்று கேட்டார். தொழிற்சாலை கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். ஏறினாரா, கிளம்பினாரா, ஓவர்டைமா, ஒன்றும் தெரிவதில்லை. இவர் போனைக் கேட்டில் வாங்க மறந்துவிட்டு வருகிற ஆள் வேறு என்று விக்டோரியா சொன்னதும் பாக்கியராஜ் சிரித்துவிட்டார். நான் பட்டனை அமுக்கியதும் அந்த நேரம்தான். வாயை மூடுங்கள் என்று எல்லோரையும் அதட்டுகிறவன், அந்த ஒரு போட்டோவை மட்டும் பல் தெரிய அப்படியே விட்டுவிட்டேன்.

நர்மதாவுக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. குடும்பத்துக்கென்று ஒரு அறை கட்டினாள். பஸ் கதவருகே சிலேட்டு அளவில் தொடுதிரை டேப் ஒன்று மாட்டப்பட்டது. ஏறுகிறவர் அதில் தன் போட்டோவைத் தொட்டால் படத்தைச் சுற்றிப் பச்சை வளையம் வரும். வீட்டில் இருக்கும் மனைவியின் போனில், இன்னார் இந்த ஸ்டாப்பில் ஏறிவிட்டார் என்று ஒரு வரி வரும். இறங்கும்போது மறுபடி தொட்டால், இறங்கிவிட்டார் என்று வரும். சாயங்காலம் மட்டும் எல்லோரும் களைப்பில் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு ஏறுவதால், காலையில் வந்தவர்கள் எல்லோரும் தானாகவே ஏறியதாகப் பதிவாகிவிடும். கைரேகை வைக்கலாம் என்று நர்மதா சொன்னாள். இரும்பும் கிரீஸும் தேய்ந்த விரலில் ரேகை ஏது என்று துளசிராமன் மறுத்துவிட்டார். வாசலில் அத்தனை காவல் போட்டவள், உள்ளே வந்துவிட்டவர்களை நம்பி விட்டுவிட்டாள். துளசிராமன் கேட்டபடி இன்னொன்றும் சேர்த்தாள். மூன்று நாள் சேர்ந்தாற்போல் ஒருவர் ஏறவில்லையென்றால் அவருடைய சீட்டு காத்திருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்த பாக்கியராஜ், தண்ணீர் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர், தண்ணீர் வருவதற்குள் சாய்ந்துவிட்டார்.

பஸ்ஸில் அவரோடு போகிறவர்கள்தான் என்னிடம் வந்து கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் அடித்தார்கள். வேறு படம் எங்கே தேடுவது, என்னிடம் இருந்த சிரித்த படத்தையே போட்டேன். என் கடைக்கு எதிர்ச் சுவரிலும் ஒன்றைக் கட்டினார்கள். தாமரைப்பாக்கம் கூட்டு ரோட்டுக்குப் பக்கத்தில், அவர் பிறந்த ஊரின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அவர் ஒருவருக்காகத்தான் வண்டி செவ்வாப்பேட்டை வரைக்கும் போய்க்கொண்டிருந்தது. அவர் போன பிறகு திருநின்றவூரோடு திரும்பிவிட ஆரம்பித்தது. நர்மதா அந்தச் செய்தியைக் கேட்டு வருத்தப்பட்டாள். ஆப்பில் இருக்கும் அவர் பெயரை நீக்க வேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை, துளசிராமனும் சொல்லவில்லை.

எதிர்ச் சுவர் பிளக்ஸ் வெயிலில் வெளுக்கத் தொடங்கியிருந்தபோது கடைக்கு ஒரு போன் வந்தது. ஆப்பில் உதவிக்கு என்று என் கடை நம்பரைத்தான் நர்மதா போட்டிருந்தாள்.

"அண்ணா, விக்டோரியா பேசறேன். செவ்வாப்பேட்டை, பாக்கியராஜ் ஊட்டுல." குரல் மிகவும் தணிந்திருந்தது. "எங்க ஊட்டுக்காரு இன்னிக்குக் காலைலயும் பஸ்ஸு ஏறிட்டாருன்னு வந்துச்சுண்ணா."

எதிரே சுவரில் அந்த மனிதர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

தினமும் வருகிறது என்றார் விக்டோரியா. அடக்கம் முடிந்த இரண்டாம் நாளில் இருந்து வருகிறது. முதலில் பழைய செய்தி ஏதோ தாமதமாக வருகிறது என்று நினைத்தாராம். ஆனால் முன்பெல்லாம் செவ்வாப்பேட்டையில் ஏறிவிட்டார் என்று வரும். இப்போது தாமரைப்பாக்கத்தில் ஏறிவிட்டார் என்று வருகிறது.

"அங்கதாண்ணா அவரைப் பொதைச்சோம்" என்றார்.

சாயங்காலம் தொழிற்சாலையில் இருந்து கிளம்பிவிட்டார் என்றும் வருகிறதாம். விக்டோரியா ஸ்டாப்புக்குப் போய் நிற்பார். எதற்குப் போகிறோம் என்று தெரிந்தேதான் போகிறார், போகாமல் இருக்க முடியவில்லை. போனில் வண்டி நகரும் புள்ளியைப் பார்த்துக்கொண்டே நிற்பார். பெரியபாளையம், வெங்கல், தாமரைப்பாக்கம் என்று புள்ளி வரும். திருநின்றவூர் வரைக்கும் வந்துவிட்டு அங்கேயே திரும்பிவிடும். இறங்கிவிட்டார் என்று மட்டும் வராது.

பேய் பிசாசு என்றால் கிண்டல் பண்ணுகிறவன் நான். அன்றைக்குப் போனை வைத்துவிட்டு, கடையில் இருந்த எல்லா விளக்கையும் பட்டப்பகலில் போட்டேன்.

நர்மதாவுக்குப் பயத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. யாரோ பூட்டை உடைத்துவிட்டார்கள் என்று நினைத்தாள். மதியச் சாப்பாட்டைக்கூடத் தொடாமல் உட்கார்ந்து ஒவ்வொரு கதவாக இழுத்துப் பார்த்தாள். எதுவும் உடையவில்லை. வெளியில் இருந்து யாரும் நுழையவில்லை. பஸ் கதவருகே இருக்கும் டேப்பில்தான் அந்த முகம் தொடப்பட்டிருக்கிறது, தினமும், தாமரைப்பாக்கம் ஸ்டாப்பில். திரையில் அந்த வண்டியின் சீட்டுகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு முகம். ஜன்னலோர சீட்டு ஒன்றில் நான் எடுத்த படம், பல் தெரியச் சிரித்துக்கொண்டு, பச்சை வளையத்துக்குள் இருந்தது. உயிரோடு இருக்கிறவர்களுக்கும் அவருக்கும் அந்தத் திரையில் ஒரு வித்தியாசமும் இல்லை. நர்மதா வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு லேப்டாப்பை மூடினாள்.

"எவனோ விளையாடறாண்ணா. வா, கையும் களவுமா புடிக்கலாம்" என்றாள்.

அன்று சாயங்காலம் தொழிற்சாலை வாசலில் போய் அந்த வண்டியில் ஏறினோம். அது நிரம்பி வழிகிற வண்டி. ஓவர்டைம் முடித்தவர்களும் சேர்ந்துகொண்டதால் நடுவில் ஏழெட்டுப் பேர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நின்றவர்கள் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றார்களே தவிர, ஜன்னலோரம் காலியாக இருந்த அந்த சீட்டில் யாரும் உட்காரவில்லை. அதன் முதுகில் ஒரு பிளாஸ்டிக் மாலை கட்டியிருந்தது. வண்டி கவரைப்பேட்டையில் வேகமாகத் திரும்பியபோது பக்கத்தில் நின்றவர் தடுமாறினார். சாயாமல் சமாளித்துக்கொண்டு, ஒரு ஆள்மேல் இடித்துவிடப் பார்த்தவர் போல விலகிக்கொண்டார். எனக்கு அப்போதே இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம் போலிருந்தது.

நர்மதா டேப்பைப் பார்த்தாள். பாக்கியராஜின் முகம் பச்சையில் இருந்தது. அவள் திரும்பி நின்று, வண்டி முழுவதற்கும் கேட்கும்படி, செத்தவர் முகத்தைத் தொடுகிற ஆள் யார் என்று கேட்டாள்.

பின்னால் இருந்து ஒருவர் எழுந்து வந்தார். சுப்பிரமணி என்று பெயர். தாமரைப்பாக்கத்தில் ஏறுகிறவர், பாக்கியராஜுக்குப் பக்கத்து சீட்டுக்காரர்.

"நான்தாம்மா தொடறேன்" என்றார். "எங்க வண்டில ஒரு ஆளு செத்துப் பூட்டாருன்னா அவரு காரியம் முடியற வரைக்கும் சீட்டுல யாரும் ஒக்கார மாட்டோம். எந்த வண்டியா இருந்தாலும் அதான் வழக்கம். பாக்கியராஜுக்கு முப்பதாம் நாள் பூசை கீது, அது வரைக்கும் அது அவன் சீட்டு. உன் மிஷினு மூணு நாள் ஆளு வரலைன்னா தூக்கி வேற எவனுக்கோ குடுத்துடுது. அதான் நான் ஏறும்போது அவனையும் தொட்டுட்டு ஏறிக்கினு கீறேன்."

விளையாட்டு இல்லை, திருட்டு இல்லை. செத்துப்போன சிநேகிதனின் சீட்டைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்த முகத்தைத் தொட்டால் செவ்வாப்பேட்டையில் ஒரு போன் அடிக்கும் என்று அந்த வண்டியில் ஒருவருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? பக்கத்து அறையில் என்ன நடக்கிறது என்று தெரியக் கூடாது என்றுதானே அவள் கட்டியிருந்தாள்.

விக்டோரியாவுக்குத் தினமும் என்ன வருகிறது என்று நர்மதா சொன்னாள். சுப்பிரமணி கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். சுற்றி நின்றவர்கள் ஒவ்வொருவராக அந்த சீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள், பிறகு பார்க்காமல் இருக்க முயன்றார்கள். அது வரைக்கும் அது மரியாதைக்காக விட்ட காலி சீட்டு. அந்த நிமிஷத்தில் இருந்து அதில் ஆள் உட்கார்ந்திருந்தது.

திருநின்றவூரில் வண்டி திரும்பியது. நாங்கள் இறங்கி ஆட்டோ பிடித்து செவ்வாப்பேட்டைக்குப் போனோம். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில், ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம் பஸ் ஸ்டாப். விக்டோரியா அங்கேதான் நின்றிருந்தார், கையில் போனோடு. எங்களைப் பார்த்ததும் ஆச்சரியப்படவில்லை. எங்களுக்குப் பின்னால் யாராவது இறங்குகிறார்களா என்று மட்டும் ஒரு பார்வை பார்த்தார்.

நர்மதா எல்லாவற்றையும் சொன்னாள். தன் கட்டுமானத்தில்தான் கோளாறு என்றும் சொன்னாள். இப்போதே, இங்கேயே நின்று அவர் பெயரை எடுத்துவிடுகிறேன், இனிமேல் ஒன்றும் வராது என்று போனை எடுத்தாள். விக்டோரியா அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"அவரு செத்துட்டாருன்னு எனக்குத் தெரியாதா பாப்பா? நான்தானே குளிப்பாட்டி சட்டை மாட்டி உட்டேன். யாரு தொட்டாங்களோ, இன்னாத்துக்குத் தொட்டாங்களோ, தினம் ஏறினாருன்னு வந்துடுச்சு. இறங்கல. இப்ப நீ அழிச்சிட்டன்னா அவரு அந்த பஸ்லயே நின்னுபூடுவாரு இல்ல?"

நர்மதா எடுத்த போனைத் திரும்பப் பைக்குள் போட்டுக்கொண்டாள். ரயில் ஒன்று வருகிறது என்று கேட்டை மூடினார்கள். ரயில் போய், திறக்கிற வரைக்கும் நாங்கள் மூன்று பேரும் அங்கேயே நின்றோம்.

அடுத்து வந்த நாட்களில் நர்மதா சரியாகவே இல்லை. காலையில் கடைக்கு வந்ததும் முதலில் அந்த வண்டியின் சீட்டுகளைத்தான் திறந்து பார்ப்பாள். அவர் ஏறியிருப்பார். முப்பதாம் நாள் வரைக்கும் தொடட்டும் என்று விக்டோரியாவே சொல்லிவிட்டதால் சுப்பிரமணி தொட்டுக்கொண்டிருந்தார். சாப்பிடும்போது நர்மதா திரையை வேறு பக்கம் திருப்பி வைத்தாள். எதிர்ச் சுவர் பிளக்ஸில் மனிதர் முழுவதுமாக வெளுத்துப்போய்ப் பல் மட்டும் தெரிந்தது. பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் இருந்த திரையில் அவர் நேற்று எடுத்தவர் போல இருந்தார். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து நான் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் பொறுக்காமல் சொன்னேன். எல்லாக் கதவுக்கும் சாவி உன்னிடம் இருக்கிறது, உள்ளே போய் இறங்கிவிட்டார் என்று நீயே ஒரு வரி எழுதிவிட்டால் அந்த அம்மாவுக்குச் செய்தி போய்விடும், முடிந்தது என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்துபோகாதது ஆச்சரியம்.

"வண்டியே வராத ஸ்டாப்புல இறங்கினாருன்னு நான் எழுதணுமா? அவங்க அங்கதாண்ணா நின்னுகினு இருப்பாங்க. கண்ணால பாப்பாங்க இல்ல?"

அவளே துளசிராமனுக்குப் போன் போட்டாள். முப்பதாம் நாள் சாயங்காலம் வண்டி செவ்வாப்பேட்டை வரைக்கும் போக வேண்டும் என்றாள். இறங்க ஆள் இல்லாத ஊருக்கு வண்டியா என்று அவர் ஆரம்பித்தார். இறங்க ஆள் இருக்கிறது என்றாள் நர்மதா. பிறகு அவர் சரி என்றார்.

முப்பதாம் நாள் பூசையைக் காலையிலேயே வைத்துவிட்டார்கள். சாயங்காலம் நாங்கள் இருவரும் தொழிற்சாலை வாசலில் வண்டி ஏறினோம். பெரியபாளையம் வந்தது, அங்கே இறங்க வேண்டியவர்கள் இறங்கவில்லை. வெங்கலில் ஒருவரும் இறங்கவில்லை. தாமரைப்பாக்கத்தில் டிரைவர் பழக்கத்தில் நிறுத்தினார். சுப்பிரமணி எழுந்திருக்கவே இல்லை, போகலாம் என்று கை காட்டினார். யாரும் பேசி வைத்துக்கொண்டு செய்யவில்லை. முழு வண்டியும் திருநின்றவூரைத் தாண்டியது. வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. நான் அந்த சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பிளாஸ்டிக் மாலை ஆடிக்கொண்டே வந்தது. உள்ளே யாரோ வீட்டுக்குப் போகிற அவசரத்தில் இருப்பது போல எனக்குப் பட்டது. சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். அந்த வண்டியில் இருந்த ஒருவரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

செவ்வாப்பேட்டை ஸ்டாப்பில் வண்டி நின்றது. விக்டோரியா தேய்த்த வெள்ளைப் புடவையில் நின்றிருந்தார். டிரைவர் கதவைத் திறந்துவிட்டு இன்ஜினை அணைத்தார். சுப்பிரமணி எழுந்து மாலையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டார். கதவுவரைக்கும் நடந்தார். நடந்த விதத்தைச் சொல்ல வேண்டும், ஒருவரை முன்னால் விட்டுப் பின்னால் நடப்பது போல நடந்தார். டேப்பில் அந்தச் சிரித்த முகத்தைத் தேடித் தொட்டார். பச்சை வளையம் போய்விட்டது.

கீழே விக்டோரியாவின் போன் சத்தம் கொடுத்தது. எடுத்துப் படித்தார். உதட்டை அசைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். பிறகு போனை இடுப்பில் செருகிக்கொண்டு திறந்த கதவைப் பார்த்தார். எங்களை யாரையும் பார்க்கவில்லை.

"வாங்க, ஊட்டுக்குப் போலாம்" என்றார்.

திரும்பி நடந்தார். சாலையின் ஓரத்தில், வண்டிகள் போகிற பக்கமாகத் தான் வந்துகொண்டு, உள்பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டு நடந்தார். ரயில்வே கேட் மூடியிருந்தது. நடந்து போகிறவர்களுக்கென்று பக்கத்தில் ஒரு இரும்பு வழி உண்டு, ஒரு சமயத்தில் ஒரு ஆள்தான் நுழையலாம். விக்டோரியா அதன் முன்னால் போய் நின்றார். ஒதுங்கி, முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒரு ஆள் நுழைந்து போகிற நேரம் பொறுத்தார். அப்புறம்தான் அவர் நுழைந்தார்.